கால் மணி முந்தி ஓடிய கடிகாரம்

ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடிகாரம் இருந்தது. நடுத் தூணில், எல்லார் தலைக்கும் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அந்த இடம் ஒன்றும் அதற்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அங்கே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் உண்டு. சிமெண்டு பெஞ்சு, குழாய், குப்பைத்தொட்டி, தினமும் வந்து போகிற கூடை, குடை, டிபன் கேரியர் எல்லாருக்கும் ஓட்டு இருந்தது. ஜெயிக்கிற கடிகாரம் தூணில் ஏறும். தோற்றது பழைய சாமான் அறைக்குப் போகும். அந்த அறைக்குப் போன எதுவும் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

முதல் தடவை நின்றபோது கடிகாரம் ஒரு வாக்குக் கொடுத்தது. "என்னை மட்டும் ஏத்தி விடுங்க, நம்ம பஸ் ஸ்டாண்டு மத்த ஊரையெல்லாம் முந்தி ஓடும்."

வாக்கைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். தூணில் ஏறியதும் கால் மணி நேரம் முந்தியே ஓடத் தொடங்கியது. ஆறு மணி பஸ்ஸுக்கு வந்தவர்கள் அதில் ஆறு ஆகிவிட்டதைப் பார்த்துப் பதறி, விழுந்தடித்து ஓடி, பஸ் இன்னும் கிளம்பவே இல்லை என்று கண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸுக்கென்ன, அது தூணைப் பார்த்தா ஓடுகிறது? டிரைவர் கையில் இருக்கிற வாட்ச்தான் அதற்குக் கணக்கு.

கொஞ்ச நாள் வயிறெரிந்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். கடிகாரம் ஆறேகால் காட்டினால் ஆறு என்று மனசுக்குள்ளேயே கழித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். திட்டுவதை மட்டும் விடவில்லை.

அப்படியும் அடுத்த தேர்தலில் அதே கடிகாரம்தான் ஜெயித்தது. காரணம் பெரிய ரகசியமெல்லாம் இல்லை. ஓட்டுப் போடுகிற நேரம் காலை ஏழு மணி. திட்டுகிறவர்கள் அத்தனை பேரும் ஆறு மணி பஸ்ஸில் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது பெஞ்சும் குழாயும் குப்பைத்தொட்டியும். எங்கேயும் போகாதவர்களுக்கு மணி எப்படி ஓடினால் என்ன? கடிகாரத்துக்கோ இது புரியவே இல்லை. எல்லாம் தன் முகராசி என்று நினைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது தேர்தல் வந்தது. இந்தத் தடவை எதிரே ஒரு புதுக் கடிகாரம், சிவப்பு எண்களில் மின்னுகிற ஜாதி, அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. கடிகாரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் தொங்கிய ஒலிபெருக்கியைக் கூப்பிட்டது.

"என்னய்யா, கீழே ஒரே முணுமுணுப்பா இருக்கு. 'இதைக் கழட்டிப் போட்டாத்தான் நமக்கு விடிவு'ன்னு பூக்கூடை சொல்லுது. என் காதுபடவே சொல்லுது."

"போன தடவையும் இதையேதான் சொல்லுச்சு, தலைவரே. நீங்க ஜெயிக்கலையா?" என்றது ஒலிபெருக்கி. "திட்டுறதுக்கு ஒரு வாய், ஓட்டுக்கு ஒரு கை. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது."

"உனக்கென்ன, யார் ஏறினாலும் நீ இங்கேதான் தொங்குவே. சாமான் அறைக்குப் போகப்போறது நான்ல?"

கடிகாரம் கீழே இருந்த பெஞ்சிடம் கேட்டது. "நீ சொல்லு. நெசமாவே அவங்களுக்கு என் மேல அவ்வளவு கோபமா?"

"என்னைக் கேட்டா? இறங்கிப் போய் அவங்களையே கேளுங்களேன்" என்றது பெஞ்சு.

கடிகாரம் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இறங்கினால் திரும்ப ஏற்றுவார்களோ மாட்டார்களோ என்ற பயம் அதற்கு. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. முள்ளைக் கால் மணி பின்னால் தள்ளி, சரியான நேரம் காட்டிவிடுவது.

"பிரமாதம்" என்றது ஒலிபெருக்கி. "இப்பவே ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி சொல்லிடறேன்."

"வாயை மூடுய்யா. திருத்திக்கிட்டேன்னு சொன்னா, இத்தனை வருஷமா தப்பா ஓடினேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். சத்தமில்லாம சரி பண்ணிடறேன். பாத்துட்டு அவங்களே அசந்து போவாங்க."

அன்றைக்குக் கடைசி பஸ் போனதும் முள்ளைத் தள்ளி வைத்துக்கொண்டது.

விடிந்தது. அன்றைக்குத்தான் தேர்தல். பூக்கூடையும் டிபன் கேரியரும் குடையும் வழக்கம்போல எதிர்ப்பக்கத்து டீக்கடை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். குடை நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தது. மணி ஆறு.

"கழிச்சா அஞ்சே முக்கால்தான். நிதானமாப் போகலாம்" என்றது குடை.

அது சொல்லி வாய் மூடவில்லை, கண்டக்டர் விசில் கேட்டது. மூவரும் அடித்துப் பிடித்து ஓடினார்கள். பஸ் முக்குத் திரும்பிப் போயே விட்டது. அடுத்த பஸ் பத்து மணிக்கு.

மேலேயிருந்து கடிகாரம் பெருமையாகக் குரல் கொடுத்தது. "பாத்தீங்களா? இன்னிக்கு நான் கரெக்டா ஓடுறேன்."

பூக்கூடை தன் மடியில் இருந்த மல்லியைப் பார்த்தது. ஏழு மணிக்குள் மார்க்கெட்டுக்குப் போகாத மல்லியை யார் வாங்குவார்கள்? நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது:

"அண்ணே, நீங்க பாட்டுக்குப் பொய் சொன்னீங்க, நாங்க பாட்டுக்குக் கழிச்சுக்கிட்டோம். பத்து வருஷமா உங்க வேலையையும் சேத்து நாங்கதான் பாத்தோம். இன்னிக்கு நெசம் சொல்லப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பீங்க?"

கடிகாரத்தின் முள் டக்கென்று அடுத்த நிமிஷத்துக்கு நகர்ந்தது.

ஏழு மணிக்கு எடை மிஷின், அதுதான் தேர்தல் அதிகாரி, ஓட்டுப் போடக் கூப்பிட்டது. பெஞ்சும் குழாயும் குப்பைத்தொட்டியும் வரும் என்று பார்த்தால், பின்னாலேயே கூடையும் குடையும் கேரியரும், அவர்களைப் போலவே மணியைக் கழித்துப் பார்த்து பஸ்ஸை விட்ட அத்தனை பேரும் வாசல்வரை வரிசையில் நின்றார்கள். போக இடமில்லை, செய்ய வேலையில்லை, வேறென்ன செய்வார்கள்? எண்ணி முடிக்கும்வரைகூட ஒலிபெருக்கி காத்திருக்கவில்லை. வரிசையைப் பார்த்த உடனே வாயை அட்டைப்பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வாங்க தலைவரே" என்றது.

பழைய கடிகாரத்தை இறக்கிக்கொண்டு போனார்கள். பாவம், சாமான் அறைக்குள் போகும்போதும் அது சரியான நேரம்தான் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தூணில் புதுக் கடிகாரம் சிவப்பாக மின்னியது. டிரைவர் வாட்சோடு ஒத்துப் பார்த்து வைத்த நேரம், நொடி பிசகாது. டீக்கடை ஓரத்தில் பூக்கூடை உட்காரவில்லை. நின்றபடியே அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டிபன் கேரியரிடம் மெதுவாகக் கேட்டது:

"இதுல எவ்வளவு கழிக்கணும்?"