காவல்காரியும் முன் சீட்டும்

உங்களுக்கு ஒரு விடுகதை. ஒரு வீடு. வாசலில் ஒரு காவல்காரி. கதவைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவாள். தள்ளினால் திருப்பித் தள்ளுவாள். ஒருத்தி வந்தாள். தொடவில்லை, தள்ளவில்லை. வாசல்வரை வந்து, பேசாமல் திரும்பி நடந்தாள். கதவு திறந்துகொண்டது. எப்படி?

யோசித்துக்கொண்டிருங்கள். புன்னைத்துறைப் பெண்கள் கால்பந்து அணியும் இதைக் கேட்டுவிட்டு யோசித்துக்கொண்டுதான் இருந்தது.

"காவல்காரி தூங்கியிருப்பா" என்றாள் சகாயா.

"வந்தது பேயா இருக்கும்" என்றாள் ஷெரின். அணியிலேயே சிறியவள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெனிட்டா சிரிக்கவில்லை. அவள்தான் அணியின் முன்வரிசை ஆட்டக்காரி. விடுகதையைப் போட்ட பயிற்சியாளர் டெல்பினை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, நம்ம ரெண்டு ஆட்டம் தோத்துட்டு நிக்கோம். நீங்க விடுகதை போடுதீங்க."

டெல்பின் கல்லூரி நாட்களில் கோல்கீப்பராக நின்றவள். எல்லோருக்கும் பின்னால் நின்று பார்த்தே பழகியவள். பேச்சு குறைவு.

"ஏன் தோத்தோம்?" என்று கேட்டாள்.

"எதிர் டீம்காரங்க ஒவ்வொரு தடவையும் நெட்டையா ஒருத்தியை என்மேல ஒட்ட விடுதாங்க. மூச்சு விட முடியல."

போன வருடம் அப்படி இல்லை. போன வருடத்து ஆட்டம் மிகவும் எளிது. பின்னாலிருந்து சகாயா ஒரே உதை. முன்னால் ஜெனிட்டா ஒரே ஓட்டம். பந்து தரையைத் தொடும்போது அவள் அங்கே இருப்பாள். அப்புறம் கோல்.

"போன வருஷம் மாதிரியே ஆடுனா என்ன? நல்லாத்தானே இருந்துச்சு?"

"போன வருஷம் அவங்களுக்கு உன்னைத் தெரியாது" என்றாள் டெல்பின்.

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தாள்.

"இன்னைக்கு நான் ஜெனிட்டா. நீ அந்த நெட்டச்சி. என்னை விடக் கூடாது."

"விட மாட்டேன்."

பயிற்சி ஆட்டம் தொடங்கியது. டெல்பின் கோல் பக்கம் போகவில்லை. திரும்பி, நடுக்கோட்டைத் தாண்டி, மைதானத்தின் ஓரத்துக்கு நடந்தாள். ஜெனிட்டா ஒட்டிக்கொண்டே போனாள். அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. டெல்பின் அதைத் திறந்தாள், குனிந்து தண்ணீர் குடித்தாள், முகம் கழுவினாள். ஜெனிட்டா கைகளை விரித்தபடி அவளை மறித்து நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரே கூச்சல். ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். அவள் விட்டுவந்த வெற்றிடத்தில் ஷெரின் தனியாகப் பந்தை உருட்டிப் போய் கோலுக்குள் தள்ளியிருந்தாள்.

"நீங்க ஆடவே இல்லையே!"

"நீ என்னை விட்டியா?"

"இல்ல."

"நல்லாத்தான் காவல் காத்தே" என்று சொல்லி டெல்பின் குழாயை மூடினாள்.

அடுத்த ஆட்டத்தில் ஜெனிட்டா அப்படியே செய்தாள். பந்து வரும் நேரத்தில் முன்னால் ஓடாமல் பின்னால் வந்தாள். எதிரணியின் நெட்டைப் பெண் அவளோடு வந்தாள். ஷெரின் கோல் போட்டாள். புன்னைத்துறை வென்றது. எல்லோரும் துள்ளினார்கள், ஜெனிட்டாவும்தான். டெம்போவைப் பார்த்ததும் அவள் துள்ளல் நின்றுவிட்டது.

அணி போய்வருவது மீன் டெம்போவில். ஓட்டுபவர் ஜெனிட்டாவின் அப்பா ததேயு. அதற்கு ஒரு விதி உண்டு. அன்றைய முதல் கோலைப் போட்டவள் முன் சீட்டில் உட்காருவாள். மற்றவர்கள் பின்னால், மீன் பெட்டிகளுக்கு நடுவில். கோலே இல்லையென்றால் முன் சீட் காலி. இந்த விதியைப் போட்டதும் ததேயுதான். அணி எல்லாரிடமும் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டுமென்று.

வாரம் முழுக்க ததேயு மீன் ஏற்றிக்கொண்டு தூரத்துச் சந்தைகளுக்குப் போவார். ஜெனிட்டா எழுவதற்கு முன் கிளம்புவார். அவள் தூங்கிய பின் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில்தான் அவர் பேசுவார். எந்தப் பாலத்தில் மழைக்கு மாட்டிக்கொண்டார், எந்தச் சந்தையில் ஒரு பூனை தினமும் அவருக்காகக் காத்திருக்கிறது, எல்லாம். போன வருடம் முழுக்க அந்தச் சீட்டில் ஜெனிட்டாதான் இருந்தாள்.

இன்று ததேயு முன் கதவைத் திறந்து, "ஏறு ஷெரினு" என்றார். மகளைப் பார்த்து, "நல்ல ஆட்டம் மக்ளே" என்றும் சொன்னார்.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஜெனிட்டா பார்த்தாள். அப்பா ஒரு கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து, காற்றில் எதையோ வரைந்து காட்டினார். ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டுப் பக்கம் இறங்கியபோது ஷெரின் ஓடி வந்தாள். "ஏட்டி, அந்தப் பூனை குட்டி போட்டிருக்காம்! உனக்குத் தெரியுமா?"

ஜெனிட்டாவுக்குத் தெரியாது.

அதற்கடுத்த ஆட்டத்தில் அவள் பின்னால் வரவில்லை. கோல் பக்கமே நின்றாள். பந்து வந்தபோதெல்லாம் ஓடினாள். அந்த அணியின் நெட்டைப் பெண்ணும் கூடவே ஓடினாள். மோதி விழுந்து முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

திரும்பும்போது முன் சீட் காலியாக இருந்தது. ததேயு தனியாக ஓட்டினார். பாட்டுகூடப் போடவில்லை.

கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள். டெல்பின் கோல் வலையில் கிழிந்த இடங்களை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா வந்து வலையின் மறுபக்கம் நின்றாள்.

"யக்கா, நான் கோலே போடலைன்னா நான் என்னத்துக்கு முன்னால நிக்கணும்?"

"நானும் காலேஜ் முழுக்க ஆடினேன். ஒரு கோல்கூடப் போட்டதில்ல."

"அது வேற."

"ஆமா, வேறதான்." டெல்பின் அடுத்த ஓட்டையைத் தேடினாள். "உனக்கு வேண்டியது கோலா?"

ஜெனிட்டா வலைக்குள் விரலை விட்டு இழுத்தாள்.

"முன் சீட்" என்றாள் கடைசியில்.

டெல்பின் தலையாட்டினாள். அவளுக்கு இது புதிய செய்தி இல்லை போலிருந்தது.

"ததேயு அண்ணன்கிட்ட நான் சொல்லுதேன். விதியை மாத்திரட்டும். நீ மகதானே, எப்பவும் முன்னால ஏறிக்கோ."

ஜெனிட்டா யோசித்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்த ஷெரினின் முகம் நினைவுக்கு வந்தது. அதே முகத்தோடுதான் போன வருடம் தானும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

"வேண்டாம் யக்கா."

"ஏன்?"

"அப்போ அது சும்மா ஒரு சீட்."

டெல்பின் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"அடுத்த வருஷமும் நான்தான் திரும்பி நடக்கணுமா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"அடுத்த வருஷம் எல்லாருக்கும் ஷெரினைத் தெரிஞ்சிரும். அப்போ அவ தண்ணி குடிக்கப் போவா."

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கு நான் வெளியிலிருந்து கத்த மாட்டேன். ஓடணும்னா ஓடு. திரும்பணும்னா திரும்பு."

"எது சரின்னு நீங்கதானே சொல்லணும்?"

"வாசல்ல நிக்கது நீ" என்றாள் டெல்பின். "கதவு யாருக்குத் திறக்கணும்னு நீதான் சொல்லணும்."

மறுநாள் ஆட்டம் முடியப்போகும் நேரம். கோல் எதுவும் விழவில்லை. கோப்பைக்கு ஒரு கோல் வேண்டும். எதிர் கோலுக்குப் பின்னால் ததேயு டெம்போவை நிறுத்தியிருந்தார். மீன் வாடை போகட்டுமென்று முன் கதவைத் திறந்துவைத்து, சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பந்து சகாயாவிடம் வந்தது. அவள் நிமிர்ந்து பழைய பழக்கத்தில் ஜெனிட்டாவைத் தேடினாள். ஜெனிட்டாவைக் காவல் காத்த நெட்டைப் பெண் களைத்துப் போயிருந்தாள்; இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். இப்போது ஓடினால் ஒருவேளை முந்திவிடலாம். இடது ஓரத்தில் ஷெரின் கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். டெல்பின் கோட்டுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

ஜெனிட்டா டெம்போவை ஒரு முறை பார்த்தாள். பிறகு எதிர் கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நடுக்கோட்டை நோக்கி நடந்தாள். நெட்டைப் பெண் அவள் பின்னாலேயே வந்தாள்.