அரசியின் தாகம்

எத்தியோப்பிய மலைநாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தீர்ப்பு நாளன்று அரச வம்சத்தின் பிறப்பு வரலாற்றை அரசர்முன் படித்த பிறகே வழக்குகளை விசாரிப்பர். படிக்கும் பொறுப்பு வொல்து என்னும் நடுவயதுத் துறவியினுடையது.

தீர்ப்பு நாளுக்கு முந்தைய காலையில், அவர் தோல்சுவடியுடன் தாம் 'அப்பா' என்றழைக்கும் குரு கீரோஸிடம் வந்தார்.

"அப்பா, அரண்மனை அதிகாரி வந்திருந்தார். ஒரு பகுதியைச் சுரண்டி நீக்கச் சொல்கிறார்."

"எந்தப் பகுதியை?"

"சேபா நாட்டு அரசி தண்ணீர் குடித்த பகுதியை."

"காரணம் சொன்னாரா?"

"அரசருக்குச் சுருக்கமான கதைதான் பிடிக்குமாம். உண்மைக் காரணம் அஸ்காலு."

அஸ்காலு அடிவாரத்து உழவர் பெண். வறட்சி தொடங்கியபோது, அரசரின் ஊற்றைத் தொடுவதில்லை என்று ஊரார் அனைவரும் சத்தியம் செய்திருந்தனர். அவள் ஒரு சுரைக்குடுவை நீரை முகந்துவிட்டாள். நாளை அவளுடைய வலக்கையை வெட்டக்கூடும்.

"நீ மறுத்தால்?"

"அடுத்தது என் கை என்றார்."

கீரோஸ் சிறுகத்தியை எடுத்து நீட்டினார்.

"சுரண்டு."

வொல்து திகைத்தார். பிறகு சுவடியை விரித்தார். 'மன்னன் சாலமோனின் மாளிகையில் எதையும் எடுப்பதில்லை என்று அரசி சத்தியம் செய்தாள். காரம் மிகுந்த விருந்துக்குப் பின் தாகம் தாளாமல் அவனது நீரைக் குடித்தாள்.' அவ்வரிகள் தூளாக உதிர்ந்தன.

"அடுத்த வரி?"

"'நீ சத்தியத்தை மீறினாய், ஆகவே உன்னைத் தொடுவதில்லை என்று நான் செய்த சத்தியமும் இனி இல்லை என்று கூறி, சாலமோன் அவளைக் கூடினான்.'"

"அவள்தான் நீரே குடிக்கவில்லையே! எடுத்துவிடு."

வொல்து சுரண்டினார்.

"அடுத்தது?"

"'அரசிக்கு நம் அரச வம்சத்தின் முதல்வன் மெனெலிக் பிறந்தான்.'"

"எப்படிப் பிறந்தான்? எடு."

கத்தி வரியின்மேல் நின்றது. வொல்து கீழே தொடரும் அரசர் பெயர்களைப் பார்த்தார்.

"அப்பா, இதை எடுத்தால் இன்றைய அரசர்வரை ஒரு பெயரும் நிற்காது."

கீரோஸ் மைக்குடுவையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்படியானால், அரசிக்கு அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொடு. நாளை உரக்கப் படி."

"என் கை, அப்பா?"

"இப்போது உன்னிடம்தான் இருக்கிறது. எழுது."