ஆள் விழாத படம்

“ஒருத்தனும் பாக்க மாட்டேங்கான் அம்மா,” என்றார் நல்லபெருமாள்.

சொல்லிவிட்டு, கையில் இருந்த கேடயத்தைத் தரையில் வீசினார்.

உலகம்மை அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவர்தான் நல்லபெருமாளுக்குக் குரு. குரு என்றதும் தாடி, காவி, மான்தோல் என்று நினைக்க வேண்டாம். உலகம்மை நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருப்பார். நல்லபெருமாளைவிட வயதில் சின்னவர், ஆனாலும் இவர் அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். உலகம்மை இருந்தது ஆற்றோரத்து மண்டபத்தில். கேள்வியோடு வருகிற எல்லோருக்கும் சோறு போடுவார். பதில் சில பேருக்குத்தான் கிடைக்கும்.

நல்லபெருமாள், ரோடும் பாலமும் பார்க்கிற அரசாங்க இன்ஜினியர். அந்த வட்டாரத்தில் எங்கே வேலை நடந்தாலும் படம் எடுத்து வைப்பார். அணைக்கட்டு, வாய்க்கால் கரை, பாதி கட்டி நிற்கிற தண்ணீர்த் தொட்டி. வெள்ளத்தில் ஆறு, கோடையில் ஆறு. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. சொந்த கேமரா, லீவு நாள் முழுக்க அதுதான்.

அவருக்கு ஒரு விதி உண்டு. படத்தில் ஆள் விழக் கூடாது. ஆள் நின்றால் அது கல்யாணப் படம் என்பார். கொத்தனாரோ சித்தாளோ, அந்தச் சுவரைக் கட்டினவரையே கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் சுவரை எடுப்பார்.

செம்மண்துறைப் பாலத்தை மட்டும் வருஷா வருஷம் ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்கிறார். அந்தப் படங்களை வரிசையாக வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். லாரி லாரியாக மணலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு கீழே இறங்கிவிட்டது. மணலுக்குள் புதைந்திருக்க வேண்டிய அஸ்திவாரம், ஈறு தேய்ந்த பல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடுத்தூணில் விரிசல்.

மேலதிகாரிக்கு அனுப்பினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். அதே பதில், தேதி மட்டும் வேறு.

போன வாரம் டவுனில் புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். இவர் கொடுத்த பாலத்துப் படத்துக்கு முதல் பரிசு. ‘நதியின் மௌனம்’ என்று அவர்களே பேரும் வைத்துவிட்டார்கள். ஜனங்கள் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கேடயத்தைக் கொடுத்தது யார் தெரியுமா? அதே மேலதிகாரி. வெளிச்சம் பிரமாதம் என்று கை குலுக்கினாராம்.

“விரிசல் அந்தாளு மூக்குக்கு நேரா இருக்கு. வெளிச்சமாம்ல, வெளிச்சம்.”

உலகம்மை கேடயத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அரிசிப் பானைக்கு மூடியாக வைத்தார். சரியாகப் பொருந்தியது.

பார்க்காதவனை எப்படிப் பார்க்க வைப்பது, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார் நல்லபெருமாள்.

“நீங்க எப்படிப் பாக்கீங்கன்னு முதல்ல காட்டுங்க, இன்ஜினியரே.”

அவருக்குச் சுருக்கென்றது. ஊரிலேயே கண் திறந்திருக்கிற ஒரே ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். இருந்தாலும் பைக்கை எடுத்தார். உலகம்மை துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார்.

பாலத்துக்குப் பக்கத்தில், கரையில், வழக்கமான இடத்தில் கேமரா ஸ்டாண்டை ஊன்றினார். சாயங்கால வெயில் தூண்மேல் சாய்வாக விழுந்தது.

ஆடு பத்திக்கொண்டு ஒரு பெண் பாலத்தில் வந்தார். சீக்கிரம் போம்மா என்று இவர் கையை ஆட்டினார். ஆட்டுக்கிட்ட சொல்லுங்க சார், எனக்கு ஒண்ணும் இல்ல என்றுவிட்டு அந்தப் பெண் மெதுவாகவே போனார்.

அடுத்து டவுன் பஸ் வந்தது. உள்ளே நிற்க இடமில்லை. படியில் பள்ளிக்கூடப் பையன்கள் தொங்கினார்கள்.

நல்லபெருமாள் கேமராவிலிருந்து கையை எடுத்தார்.

என்ன ஆச்சு, ஏன் எடுக்கவில்லை என்று உலகம்மை கேட்டார்.

“பஸ் போயிரட்டும் அம்மா. போன பிறகு எடுத்தா சுத்தமா வரும்.”

பஸ் பாலத்தில் ஏறியது. பாலம் உறுமியது. விரிசலிலிருந்து சிமெண்ட் தூள் பொலபொலவென்று கொட்டியது. பஸ் அக்கரை போய்ச் சேர்ந்தது.

நல்லபெருமாள் படம் எடுத்தார். அருமையான படம். ஒரு ஆள் கிடையாது.

“பஸ்ல யாரெல்லாம் இருந்தாங்க?”

கவனிக்கவில்லை என்றார்.

கவனிக்கவில்லையாம். தொங்கினவன் ஒருவனின் சாப்பாட்டுப் பை, விரிசல் விட்ட தூணுக்கு நேர் மேலே ஆடிக்கொண்டு போனது. கேமரா அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

உலகம்மை அவரையே பார்த்தார்.

அந்தப் பார்வை நல்லபெருமாளுக்குப் பொறுக்கவில்லை. பாலத்தை மூட எனக்கு அதிகாரம் இல்லை, கலெக்டர் உத்தரவு வேண்டும், என் மட்டத்தில் எழுதித்தான் அனுப்ப முடியும், நானாக மூடினால் அன்றைக்கே சஸ்பெண்ட், வீட்டில் ரெண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அடுக்கினார்.

எல்லாம் உண்மைதான். அதுதான் எரிச்சல்.

ரோட்டுத் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு மில் பஸ் வந்துகொண்டிருந்தது. யாரோ உள்ளே சத்தமாகச் சிரித்தார்கள்.

“உத்தரவு இல்லாம நான் எப்படி அம்மா நிறுத்த?”

“அந்த பஸ் போயிரட்டும்னு சொன்னீங்களே. அதுக்கு யாரு உத்தரவு குடுத்தா?”

நல்லபெருமாள் திரும்பி மில் பஸ்ஸைப் பார்த்தார்.

பிறகு ஸ்டாண்டைக் கேமராவோடு பிடுங்கிக்கொண்டு கரையேறி ஓடினார். பாலம் தொடங்குகிற இடத்தில், நடுரோட்டில், அதைக் குறுக்கே படுக்கப் போட்டார். அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

பிரேக் அலறியது. பஸ் அவர் சட்டையைத் தொடுகிற தூரத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“யோவ், கூறு இருக்கா உமக்கு? போட்டோ எடுக்க வேற எடம் கிடைக்கலையா?”

“போட்டோல்லாம் எடுத்தாச்சு,” என்றார் நல்லபெருமாள். “எல்லாரையும் இறக்கி விடும்.”