உடைமரத்தூரில் எக்ஸ்பிரஸ் நின்ற விதம்

உடைமரத்தூர்க்காரர்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் கண்டபடி பேசுவார்கள். அதையெல்லாம் நம்பாதீர்கள். உண்மை அதைவிட மோசம்.

ஊரில் ரயில் நிலையம் உண்டு. பாசஞ்சர் நிற்கும், எக்ஸ்பிரஸ் நிற்காது. பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருந்த சுடலைக்கண்ணுக்கு இது முப்பது வருஷத்து வயிற்றெரிச்சல். தினமும் பதினொன்றரைக்குப் புதுப்பால் காய்ச்சி, கிளாஸ் கழுவி, தயாராக நிற்பார். எக்ஸ்பிரஸ் பாலில் ஒரு கை புழுதியைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். அதில் வரும் ஒரே ஒரு ஆள் தன் கடை டீயைக் குடித்தால் போதும் என்று மனுஷன் உண்மையாகவே ஏங்கிக் கிடந்தார்.

நிலையத்துக்கு நூறு வயது ஆனது. விழாக் கமிட்டிக்குச் சுடலைக்கண்ணு தலைவர். முடி வெட்டும் மாசானமுத்து, வார்டு மெம்பர் ஆவுடைத்தங்கம், ஸ்டேஷன் மாஸ்டர் தாணுமூர்த்தி ஆகியோர் உறுப்பினர்கள். ரயில்வே மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது.

"திறப்பு விழா அன்று எடுத்த போட்டோ உங்கள் நிலையத்தில் மாட்டியிருக்கிறது. அதில் உள்ளபடியே, இம்மியும் பிசகாமல் நூற்றாண்டு விழாவை நடத்துங்கள். தனி ரயிலில் வந்து பார்க்கிறேன். பிடித்திருந்தால் எக்ஸ்பிரஸ் நிற்க உத்தரவு போடுகிறேன்."

'இம்மியும் பிசகாமல்' என்பதைச் சுடலைக்கண்ணு நாலு தடவை வாசித்தார். போட்டோவைக் கழற்றிக் கடை பெஞ்சில் வைத்துக் கமிட்டி சுற்றி உட்கார்ந்தது.

"எல்லாரும் கறுப்பு வெள்ளையா இருக்காவளே," என்றார் மாசானமுத்து.

"அந்தக் காலத்துல மனுசனுக்குக் கலர் வரலவே," என்றார் சுடலைக்கண்ணு.

உடனே வீட்டுக்கு வீடு சாம்பலும் அடுப்புக்கரியும் சேகரிக்க ஏற்பாடானது. தாணுமூர்த்தி மட்டும் கொடிக்குக் கரி பூச மறுத்துவிட்டார். வேலை போய்விடுமாம்.

"அண்ணாச்சி, இந்த நாய்க்கு ரெண்டு தலை இருக்கு," என்றாள் ஆவுடைத்தங்கம்.

படம் எடுக்கும்போது நாய் தலையைத் திருப்பியிருக்கிறது. நமக்குத் தெரிகிறது, கமிட்டிக்குத் தெரியவில்லை.

"அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி," என்று சுடலைக்கண்ணு பெருமூச்சு விட்டார். இரண்டு நாய்களைச் சேர்த்துக் கட்டுவதென்று தீர்மானம் நிறைவேறியது.

"படத்துல வலது மூலையக் கரையான் தின்னுருக்கு," என்றார் மாசானமுத்து.

"அப்போ பிளாட்பாரத்துல அந்தப் பக்கம் ஒருத்தரும் நிக்கக்கூடாது."

"கரையான்?"

"அது வேணும்னா நிக்கட்டும்."

போட்டோ பிடித்தவர் போட்டோவில் இல்லை என்பதையும் கண்டுபிடித்தார்கள். ஆகவே விழாவுக்கு ஏற்பாடு செய்திருந்த போட்டோக்காரரை ஊர் எல்லைவரை துரத்திவிட்டு வந்தார்கள். கடைசியில் மாசானமுத்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்:

"நானும் காலையில இருந்து பாக்கேன். இதுல ஒருத்தரும் அசையல."

கமிட்டி தலையில் அடித்துக்கொண்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படிக் கோட்டை விட்டோம்?

விழா அன்று தனி ரயில் வந்து நின்றது. அதிகாரி இறங்கிப் பார்த்தால், ஊரே சாம்பல் பூசிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கிறது. மாலை ஆவுடைத்தங்கத்தின் கையிலேயே இருந்தது. போட்டோவிலும் மாலை கையில்தான் இருந்தது. நாய்கள் மட்டும் கமிட்டிக்குக் கட்டுப்படாமல் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன.

"அடடா, பிரமாதம்!" என்றார் அதிகாரி. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கெட்டிலும் கிளாசுமாக நின்ற சுடலைக்கண்ணிடம் வந்தார்.

"ஒரு டீ குடுங்களேன்."

 ரயிலில் வந்த பெரிய மனிதர், தாமாக வந்து டீ கேட்கிறார்! ஆனால் அசைந்தால் எக்ஸ்பிரஸ் போச்சு. கண்ணீர் சாம்பலில் கோடு போட்டு இறங்கியது. அதையும் அவர் துடைக்கவில்லை.

அதிகாரி காய்ந்த தொண்டையோடு ரயிலேறினார். ரயில் கிளம்பவில்லை. தாணுமூர்த்தி பச்சைக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி நின்றார். போட்டோவில் கொடி கக்கத்தில் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்தார். இதற்குள் பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் போக வழியில்லாமல் நின்றேவிட்டது.

அதிலிருந்து ஜனங்கள் இறங்கித் தண்டவாளத்தோரமாக நடந்து டீக்கடைக்கு வந்தார்கள். கேட்டார்கள், அதட்டினார்கள். ஒருவர் சுடலைக்கண்ணைக் கிள்ளியும் பார்த்தார். பிறகு ஒரு தடித்த மீசைக்காரர் தாமே அடுப்பை மூட்டி, பால் காய்ச்சி, எல்லோருக்கும் ஆற்றிக் கொடுத்தார். "நல்லாருக்கு சார்" என்று ஜனங்கள் மீசைக்காரரைப் பாராட்டினார்கள். அதிகாரியும் இறங்கி வந்து இரண்டு கிளாஸ் குடித்தார். குடித்த தெம்பில் தாணுமூர்த்தியின் கக்கத்திலிருந்து கொடியை உருவித் தாமே ஆட்டிவிட்டு, ஓடிப்போய் ரயிலேறினார்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. எக்ஸ்பிரஸ் இனி உடைமரத்தூரில் தினமும் நிற்கும்!

முதல் நாள் காலையில் கமிட்டி அவசரமாகக் கூடியது.

"அன்னிக்கு எக்ஸ்பிரஸ் ஏன் நின்னுது?" என்று கேட்டார் சுடலைக்கண்ணு.

"நாம அசையாம நின்னோம். அதான் அதுவும் நின்னுது," என்றாள் ஆவுடைத்தங்கம்.

"அதான் உத்தரவு வந்துட்டுல்லா. இனிமே தானா நிக்கும்," என்றார் தாணுமூர்த்தி.

"உத்தரவு காயிதம்வே. ரயிலுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றார் சுடலைக்கண்ணு.

தாணுமூர்த்தி கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் பதினொன்றரைக்கு ஊரே சாம்பல் பூசி, நாய்களைக் கட்டி, ஆடாமல் நிற்கிறது. வழக்கமாக வரும் பயணிகளுக்குப் பழகிவிட்டது. ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் கிளாஸ் கழுவுகிறார், ஒருவர் கொடியை உருவி ஆட்டிவிட்டு மறக்காமல் கக்கத்தில் திரும்பச் செருகிவிட்டு ஏறுகிறார்.

போன வாரம் ஒரு அம்மாள் பரிதாபப்பட்டு, சுடலைக்கண்ணு கையிலிருந்த காலி கிளாசில் கொஞ்சம் டீ ஊற்றிவிட்டுப் போனார். ரயில் கண்ணுக்கு மறைந்தபிறகு சுடலைக்கண்ணு அதை ஒரு மடக்குக் குடித்தார். அவர் கடைத் தூள், அவர் கடைப் பால். குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"என்ன இருந்தாலும் எக்ஸ்பிரஸ் டீ எக்ஸ்பிரஸ் டீதாம்வே," என்றார். "நம்ம ஊர்ல எவனுக்கு இப்படிப் போடத் தெரியுது?"