மாரித்தங்கம் வேண்டாம்

ஒரு முடிச்சைப் போட்டு உங்கள் கையில் கொடுக்கப் போகிறேன். பல்லால் கடித்துப் பிய்க்கக் கூடாது, பொறுமையாக விரலால் அவிழ்க்க வேண்டும். முடிச்சு விழுந்த ஊர் அருப்புக்கோட்டை.

அங்கே பஜாரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். வருகிறவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது சண்முகக்கனியின் வேலை. ஆறு வருடமாக ஊராரின் சர்க்கரையும் கொழுப்பும் அவளுக்கு அத்துப்படி. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள்; அந்த ஊரிலே கனியின் வாய் மட்டும் மூடியே இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, நல்ல கர்வம்தான்.

ஒருநாள் காலையில் மாரித்தங்கம் வந்தாள். இரண்டு முறை கரு தங்காமல் போனவள். இந்த முறை தங்கியிருந்தது. ஆதார் அட்டையில் உள்ளபடி, அப்பாவின் இனிஷியலோடு 'சு. மாரித்தங்கம்' என்று கனி ஏற்றினாள்.

"அக்கா, அஞ்சாம் மாசம் வரைக்கும் எங்க அத்தைக்குக்கூடத் தெரிய வேணாம். ரெண்டு தடவை ஆசைப்பட்டு அழுதுட்டாங்க. மூணாவது தடவை தாங்கமாட்டாங்க."

"என் வாயிலருந்து ஒரு வார்த்தை வராது. தைரியமா இரு" என்றாள் கனி.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில், கர்ப்பிணிகளுக்கு வாராவாரம் குறிப்புச் சொல்லும் இலவச ஆப் ஒன்றை மாரித்தங்கம் போனில் ஏற்றினாள். வீட்டு விலாசம், போன் நம்பர், பிரசவத் தேதி எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டது. அப்புறமும் அதற்குப் பசி அடங்கவில்லை. போட்டோக்களைப் பார்க்கலாமா என்றது. போகிற இடமெல்லாம் பின்னால் வரலாமா என்றது. உங்கள் விவரத்தைப் பிறருக்குத் தரலாமா என்றது. ஒன்பது கேள்வி. ஒன்பதுக்கும், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, "வேண்டாம்" என்பதை அழுத்தினாள். பத்தாவதாக ஒரு கட்டம் நகர மறுத்தது.

"கடைசிப் பேரு போடணுமாம்க்கா. அப்படின்னா என்ன?"

"நமக்கு ஏது முதல் பேரும் கடைசிப் பேரும்? இனிஷியலைப் போட்டுப் பாரு."

ஒற்றை எழுத்து செல்லாது என்று ஆப் திருப்பி அனுப்பியது. எரிச்சலில், அதற்குள் வாய்க்குப் பழகிவிட்ட எதையோ தட்டினாள் மாரித்தங்கம். கட்டம் சந்தோஷமாகத் திறந்துகொண்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரை வாங்கினாள். கடைக்கார குருசாமி அண்ணாச்சி, கல்யாணமான பெண் என்பதால் புருஷன் இனிஷியலைப் போட்டு 'க. மாரித்தங்கம்' என்று பில் எழுதினார்.

மூன்று வாரம் கழித்து அவள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. மாரித்தங்கம் மில்லுக்கு வேலைக்குப் போயிருந்ததால், மாமியார் பூரணத்தம்மாள் வாங்கிப் பிரித்தாள். உள்ளே சத்துமாவு டப்பாவும், 'தாயாகப் போகும் உங்களுக்கு வாழ்த்துகள்' என்று ஓர் அட்டையும். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் பார்சல் மூடியைத் திருப்பிப் பார்த்தவள் பதறிப்போனாள். விலாசத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் இருந்தது: 'மாரித்தங்கம் வேண்டாம்.'

அலமாரியைத் துழாவினாள். லேப் கவரும், மருந்துக்கடை பில்லோடு மாத்திரை அட்டையும் கிடைத்தன. அடுத்த கால்மணியில், குருசாமி அண்ணாச்சியையும் கையோடு இழுத்துக்கொண்டு லேப்பில் நின்றாள்.

"பிள்ளைத்தாச்சியை வேண்டாம்னு எழுதி எவளோ மாவு அனுப்பியிருக்காளே, இது செய்வினை இல்லாம என்ன? உங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

அண்ணாச்சி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். லேப் முதலாளி விசாரிக்கவே இல்லை. "பேரு ஏத்துறது நீ. நாளையிலருந்து வர வேணாம்" என்றார் கனியிடம்.

இந்த வேலை போனால் இன்னொன்று தேடலாம். வாயை விட்டவள் என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்த மேசையில் உட்காருவது? கனி மூடியை வாங்கிப் பார்த்தாள். தன் கம்ப்யூட்டரில் இருந்த பெயரைப் பார்த்தாள். அண்ணாச்சியின் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். மறுபடியும் மூடியைப் பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"பெரியம்மா, இது செய்வினை இல்ல. சேதியை வெளிய விட்டது யாருன்னு இந்த மூடியே சொல்லுது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாரித்தங்கத்தின் ரகசியம் கனியிடமும் அண்ணாச்சியிடமும் ஆப்பிடமும் இருந்தது. இந்த மூவரில் நம்பிக்கையைக் கெடுத்தது யார்? மூடியில் இல்லாத எது, இருக்கக் கூடாத எது, அதைக் கனிக்குக் காட்டிக்கொடுத்தது? யோசித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

விடை: கெடுத்தது ஆப்தான். லேப்பில் 'சு', கடையில் 'க'. மூடியில் இனிஷியலே இல்லை, பெயருக்குப் பின்னால் 'வேண்டாம்' இருந்தது. கடைசிப் பெயர் இல்லாமல் விடமாட்டேன் என்று அடம்பிடித்தது ஆப் ஒன்றுதான். டப்பாவில் இருந்த நம்பருக்குக் கனி எல்லோரும் கேட்கும்படி போன் போட்டாள். அவர்கள் போன் நம்பர் கேட்டதும், பூரணத்தம்மாள் மருமகளின் நம்பரைச் சொன்னாள். "வணக்கம், மிசஸ் வேண்டாம் மேடம்! உங்க விவரம் ஆப் மூலமா எங்க கம்பெனிக்கு வந்துச்சு" என்றது ஒரு குயில் குரல். லேப்பே சிரிப்பில் அதிர்ந்தது. ஒன்பது 'வேண்டா'மில் ஒன்றைக்கூடப் பதிலாக எடுத்துக்கொள்ளாத ஆப், பத்தாவதைப் பெயராக எடுத்துக்கொண்டிருந்தது! முதலாளி எல்லோர் முன்னாலும் கனியிடம் மன்னிப்புக் கேட்டார். பூரணத்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆப்பை மட்டும் எடுக்கச் சொல்லிரு, தாயி. அஞ்சாம் மாசம் அவளே வந்து சொல்லட்டும், புதுசாக் கேக்குற மாதிரி கேட்டுக்கிறேன். எனக்குத் தெரியும்ங்கிறது உன்னோட இருக்கட்டும்." கனி நிமிர்ந்து உட்கார்ந்து, "என் வாயிலருந்து ஒரு வார்த்தை வராது, பெரியம்மா" என்றாள்.