வெள்ளித் தண்டை போட்ட சேவல்

முள்ளும் கல்லுமா கெடக்குற ஒரு ஊர்ல கோமுன்னு ஒருத்தி இருந்தாளாம். நாதியத்தவ. அவளுக்குன்னு இருந்ததெல்லாம் ஒரே ஒரு செவலைச் சேவல். ஒருக்கா அதுக்கு உள்ளங்கால்ல முள்ளு தச்சு, வீங்கி, நடுவுல கருப்பா பொருக்கு கட்டிருச்சு. கோமு வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில காலை ஊற வச்சு, பொருக்கை எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுத் துணியைக் கட்டுனா, ஆறிருச்சு. அதுலருந்து தெனம் காலையில சட்டியில தண்ணி வச்சு, "காலைக் குடு கண்ணு"ம்பா. அதுவும் ஒரு காலைத் தூக்கிக் குடுக்கும், கழுவுனதும் மறுகாலைக் குடுக்கும்.

அதுகூடப் பொரிச்ச இன்னொரு செவலையைக் குஞ்சுலயே பண்ணையார் வீரபுத்திரன் தூக்கிட்டுப் போயிட்டாரு. கேட்டாரா? கேப்பாராக்கும்! பெரிய மனுசன்ல! அந்தப் பெரிய மனுசன் குஞ்சு காலுக்கு வெள்ளித் தண்டை போட்டாரு. காலு பருக்கும், தண்டை பருக்குமா? நீங்களே சொல்லுங்க. இது அந்தப் பெரிய மண்டைக்குள்ள ஏறல.

கோமு போய், "ஐயா, தண்டை இறுக்குது, கழட்டிருங்க"ன்னா. "போடி, பொறாமை பிடிச்சவளே"ன்னாரு. மறுபடி போய், "ஐயா, காலு வீங்கிருச்சு"ன்னா. "கோழிக்குக் கால் கழுவுறவ எனக்குப் புத்தி சொல்லுதாளா"ன்னாரு. மூணாவது தடவையும் போய், "ஐயா, சீழ் வச்சிருச்சு"ன்னா. நாயை அவுத்து விட்டுட்டாரு.

அப்புறம் ராசா தண்டோரா போட்டாரு, ஊர்லயே நல்ல சேவலுக்கு ஒரு கறவைப் பசு பரிசுன்னு. பண்ணையார் சேவலோ நிக்கக்கூட மாட்டேங்குது. பாத்தாரு மனுசன். கோமு தண்ணிக்குப் போன நேரம், தண்டையை அறுத்து எறிஞ்சிட்டு, நொண்டிச் சேவலை அவ கோழி அடைக்கிற பஞ்சாரத்துல கவுத்திட்டு, அவ சேவலை அமுக்கிட்டுப் போயிட்டாரு. தூ! வெக்கங்கெட்ட பொழப்பு!

கோமு வந்து பஞ்சாரத்தைத் தூக்குனா, உள்ள பண்ணையாரோட நொண்டி. வயித்துல அடிச்சிக்கிட்டு அதைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு, ராசா சேவல் பாக்குற எடத்துக்கு ஓடுனா. "ராசா, அது என் சேவல்! அது இல்லாட்டி எனக்கு யாருமில்லை ராசா!"

"காலு வெளங்காததை வளத்துட்டு என்னுதுக்கு ஆசைப்படுதா"ன்னாரு பண்ணையார்.

ராசா அந்த நல்ல சேவலை நடுவுல விடச் சொன்னாரு. "பண்ணையாரே, நீரு கூப்பிடும்."

"வாடா"ன்னாரு, வரல. "வாடா செவலை"ன்னாரு, வரல. அரிசியைப் போட்டு, "வாடா ஐயா"ன்னு கெஞ்சுனாரு. அரிசியைத் தின்னுட்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்னுச்சு.

கோமு ஒரு சட்டி தண்ணி கேட்டு வாங்கி, கீழ வச்சு, "காலைக் குடு கண்ணு"ன்னா. சேவல் ஓடி வந்து ஒரு காலைக் குடுத்துச்சு. கழுவுனா. மறுகாலையும் குடுத்துச்சு. கோமுவுக்கு அழுகை வந்துருச்சு, ஊரு கொல்லுன்னு சிரிச்சுது.

"பசு கோமுவுக்கு"ன்னாரு ராசா. "சட்டி பண்ணையாருக்கு. அந்த நொண்டி நடக்குற வரைக்கும் தெனமும் ஊர் நடுவுல ஒக்காந்து அதுக்குக் கால் கழுவி மருந்து கட்டணும்வே."

கட்டுனாரு! மொத நாளே சேவல் மூஞ்சியில பிறாண்டிருச்சு. போற வர்றவனெல்லாம், "பண்ணையாரே, எந்தக் காலைக் கழுவியாச்சு?"ன்னு கேட்டான். நாலு மாசம் கழிச்சு அந்தச் சேவல் எந்திரிச்சு நடந்துச்சு. நடந்து எங்க போச்சு? நேரா கோமு வீட்டுக்கு!

சேவல் நிமிந்துருச்சு, பண்ணையார் தலை இன்னும் நிமிரல, என் கதையும் இதோட சரி. போய்க் காலைக் கழுவிட்டு வந்து படுங்க.