கவர்மெண்டுப் புழு

டிரம்முக்குள் தலையை விட்டு, தேங்காய் நாரால் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். டிரம்முக்குள் யார் முகமும் தெரியாது, குரலும் கணீரென்று வரும். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விளிம்போரம் ஒட்டியிருக்கிற கொசு முட்டை போகிற மாதிரி தேய்க்க வேண்டும். தேய்க்கும்போதெல்லாம் எனக்கு மொண்ணைப்பட்டி ஞாபகம் வந்துவிடும். தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

மொண்ணைப்பட்டி ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே இருக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அதுதான் அவர்களிடம் உள்ள தொந்தரவே.

ஒரு மழைக்காலத்தில் அங்கே காய்ச்சல் வந்தது. பாதித் தெரு மூட்டுக்கு மூட்டு வலிக்குதென்று படுத்துவிட்டது. ஊர்த் தலைவர் தவசியப்பன் மைக் செட் வைத்து, “நம்ம ஊர்ல டெங்கு கிடையாது, வெறும் காய்ச்சல்தான். யாரும் பயப்படாமப் படுத்திருங்க” என்று அறிவித்துவிட்டு, தானும் போய்ப் படுத்துக்கொண்டார்.

பயந்தது பூவாயி ஒருத்திதான். அவள் மகள் வெள்ளைத்தாய் மாசமாக இருந்தாள். வளைகாப்பைத் தாய் வீட்டில் வைத்து, அப்படியே தலைப்பிரசவத்துக்கும் இருந்துகொள்வதாக ஏற்பாடு. சம்பந்தி அழகுபேச்சி ஒருநாள் வந்து தெருவைப் பார்த்தாள். கொசு ஒன்று காதில் பாடிவிட்டுப் போனது.

“இங்க பாருங்க மதினி, இந்தக் கொசுக் காட்டுல என் மருமகளை விட்டுட்டுப் போக நான் என்ன கிறுக்கியா? வளைகாப்பு அன்னிக்கு வருவேன். ஒத்தக் கொசுப் புழு கண்ணுல பட்டாலும் கையோட திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேன். பிரசவம் எங்க வீட்லதான்.”

மகளுக்குத் தன் கையால் ஒரு வாய் ரசம் சோறு கொடுக்க முடியாமல் போய்விடுமே என்று பூவாயி அழுது, சுகாதார வேலை பார்க்கிற மரியபுஷ்பம் அம்மாவைக் கூட்டி வந்தாள்.

அந்த அம்மா தெரு நடுவில் நின்று சொன்னார்: “டெங்குக் கொசு சாக்கடையில வராது, நல்ல தண்ணியிலதான் முட்டையிடும். தண்ணியைத் தேங்க விடாதீங்க. டயரு, சிரட்டை, ஆட்டுரலு, பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, இங்கெல்லாம்தான் வரும். பாருங்க, புழு இப்படித்தான் இருக்கும்.”

ஒரு பாட்டிலைக் காட்டினார். உள்ளே நூல் துண்டு மாதிரி புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிந்தன. அதற்குள் ஜீப்காரர் ஆரன் அடித்துவிட்டார். “இதைப் பத்திரமா வச்சிருந்து எல்லாருக்கும் காட்டுங்க. அடுத்த தடவை வாங்கிக்கிறேன்” என்று பாட்டிலைத் தலைவர் கையில் திணித்துவிட்டு அந்த அம்மா ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கே ஊர்க்கூட்டம். அந்த ஊரில் யோசிக்கிற வேலை சடையாண்டியுடையது. நெற்றிப் பொட்டில் விரலை வைத்தாரென்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

“தண்ணி தேங்கக் கூடாதுன்னா என்ன சடையாண்டி?” என்று கேட்டார் தலைவர்.

“ஒரே இடத்துல சும்மா நிக்கக் கூடாது.”

“குடத்துக்குள்ள இருக்கிறது நிக்காம வேற என்ன செய்யும்?”

“ஆட்டிக்கிட்டே இருந்தா நிக்காது.”

“யாரு ஆட்டுறது, கை ஓஞ்சு போகுமே?”

“பிள்ளைகளை ஆட்டலையா? அதே மாதிரிதான்.”

வீட்டுக்கு வீடு உத்திரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டு, குடத்தைத் தூக்கி அதில் வைத்து ஆட்டினார்கள். சேலை பற்றாத வீடுகளில் பிள்ளையை இறக்கிவிட்டுக் குடத்தை ஏற்றினார்கள். பிள்ளைகள் தரையில் கிடந்து கத்தின. “குடம் சமத்துக்கா, ஒரு தடவைகூட அழலை” என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினாள் ஒருத்தி. காய்ச்சல்காரர்கள் படுத்தபடியே கால் கட்டைவிரலில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள்.

அடுத்தது பாட்டில்.

“இது கவர்மெண்டுப் பொருள். ஒண்ணு செத்தாலும் நான்தான் பதில் சொல்லணும்” என்றார் தலைவர். “மூடி இறுக்கமா இருக்கே, மூச்சு முட்டாதா?”

“ஜெயில்லயே ஜன்னல் வைக்கிறாங்க, தலைவரே.”

மூடியைத் திறந்தார்கள். உள்ளே நெருக்கடியாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மகளைக் குளிப்பாட்டவென்று பூவாயி புளி போட்டுத் துலக்கி வைத்திருந்த பித்தளை அண்டாவில் குடிதண்ணீர் நிரப்பி, புழுக்களை அதற்குள் விட்டார்கள். நல்ல தண்ணீர்தான் பிடிக்கும் என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறாரே.

பூவாயி தயங்கினாள். “பிள்ளைக்குக் கொசு ஆகாதுங்கிறாங்க, எங்க வீட்லயா வைக்கணும்?”

“இது கொசு இல்ல தாயி, புழு. புழு கடிச்சு யாருக்காவது காய்ச்சல் வந்திருக்கா?” என்றார் சடையாண்டி.

பூவாயி யோசித்துப் பார்த்தாள். வந்ததில்லை. ஆனாலும், “அப்ப அண்டாவையும் தொட்டில்ல போட்டிரவா?” என்றாள்.

சடையாண்டி பதறினார். “போடாத! நம்ம தண்ணியைத்தான் தேங்க விடக்கூடாதுன்னாங்க. இது அவங்க தண்ணி.”

ஆக, ஊரே குடத்தை ஆட்டிக்கொண்டிருக்க, புழுக்கள் மட்டும் அலுங்காமல் குலுங்காமல் வளர்ந்தன. உருண்டு திரண்டன. ஒருநாள் பார்த்தால் அண்டாவில் ஒன்றைக்கூடக் காணோம்.

“திருட்டுப் போயிருச்சு!” என்று தலைவர் மார்பில் அடித்துக்கொண்டார்.

சடையாண்டி அண்டாவைச் சுற்றி வந்தார். கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை அடித்தார். “தடயமே விடலை.” கழுத்தில் ஒன்றை அடித்தார். “கைதேர்ந்த ஆளாத்தான் இருக்கணும்.” முழங்கையில் ஒன்று. “ஆனா ரொம்பத் தூரம் போயிருக்க முடியாது.”

வாங்கினதை வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. புழுவுக்கு எங்கே போவது?

“கூறுகெட்டவங்களா!” என்றார் சடையாண்டி. “எங்கெங்க வரும்னு அந்தம்மா வரிசையாச் சொல்லிட்டுத்தான போனாங்க!”

தொட்டில்கள் இறங்கின. ஒவ்வொரு வாசலிலும் டயர், ஆட்டுரல், வரிசை வரிசையாகச் சிரட்டை. எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர். புழு நன்றாகப் பிடித்தது. படுக்காமல் இருந்த மீதிப் பாதித் தெருவும் படுத்தது.

வளைகாப்பும் வந்தது. வெள்ளைத்தாயை உட்காரவைத்துச் சந்தனம் பூசி, இடது கைக்கு வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள். அழகுபேச்சி வாசலில் சிரட்டைக்குச் சிரட்டை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

பூவாயி சந்தனக் கையோடு ஓடி வந்தாள். “கோவிச்சுக்காதீங்க மதினி. இதுல ஒண்ணுகூட எங்க புழு இல்ல. எல்லாம் கவர்மெண்டுப் புழு!”

அழகுபேச்சி விறுவிறுவென்று உள்ளே போனாள். மருமகளை எழுப்பி வேனில் ஏற்றினாள். இடது கை நிறைய வளையலும் வலது கை மொட்டையுமாக அந்தப் பெண் ஜன்னல் வழியே அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனது.

பூவாயி வெறி வந்தவள் மாதிரி டயரைப் புரட்டினாள், சிரட்டையை எத்தினாள், ஆட்டுரலில் மண்ணைக் கொட்டினாள், அண்டாவைக் கவிழ்த்தாள். மொண்ணைப்பட்டியில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதற்கு ஊரே அவளைத் திட்டியது. மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியதும், மைக் செட் அறிவிப்பு வேலை செய்துவிட்டது என்று தலைவருக்கு மாலை போட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, விட்டுப்போன வலது கைக்கு வளையல் போட்டுவிட்டாவது வருகிறேன் என்று பூவாயி சம்பந்தி ஊருக்குக் கிளம்பினாள். வழியில் எங்கேயாவது புழு கிடைத்தால் பிடித்து வரலாமென்று தலைவரும் சடையாண்டியும் காலி பாட்டிலோடு கூடப் போனார்கள்.

அழகுபேச்சி வீடு டைல்ஸ் தரையும் கண்ணாடி அலமாரியுமாகப் பளபளவென்று இருந்தது. சடையாண்டி மரியபுஷ்பம் அம்மா சொன்ன இடங்களை வாய்க்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், பிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுத் தட்டை உருவினார்.

“தலைவரே! நம்ம புழு! அதே ஜாடை!”

தலைவர் வாசலுக்கு ஓடிக் கத்தினார். “திருட்டு கண்டுபிடிச்சாச்சு! கவர்மெண்டுப் புழுவைக் களவாண்டு பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்காங்க!”

தெரு கூடிவிட்டது. அழகுபேச்சி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பூவாயி அவள் பக்கத்தில் போய் மெதுவாக, “ஒத்தப் புழு கண்ணுல பட்டாலும்னு நீங்கதான சொன்னீங்க மதினி” என்றாள். அன்று சாயங்காலமே வெள்ளைத்தாய் இரண்டு கையிலும் வளையல் குலுங்கத் தாய் வீடு வந்து சேர்ந்தாள். மடியில் புழுப் பாட்டில். இந்தத் தடவை யாரும் திறக்காதபடி மூடியைப் பூவாயியே இறுக்கி வைத்திருந்தாள்.

மறுபடி மரியபுஷ்பம் அம்மா வந்தார். தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா வாங்கினார், திறந்தார், சூடேறிக் கிடந்த மண்ணில் சளக்கென்று கொட்டிவிட்டு, காலி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஊர் ஓடிப்போய் அந்த ஈர மண்ணைச் சுற்றிக் குனிந்து பார்த்தது.

“கை தவறிக் கொட்டிட்டாங்க, பாவம்” என்றார் சடையாண்டி. “வெளிய காட்டிக்காமப் போறாங்க. மேலதிகாரி புழு எங்கன்னு கேட்டா வேலையே போயிருமே!”

“பிள்ளைகுட்டிக்காரி” என்று தலைவர் கண்ணைத் துடைத்தார். “நாமதான் ரொப்பிக் கொடுக்கணும்.”

ஆனால் மொண்ணைப்பட்டிக்குள் புழு வளர்க்க முடியாது. விளக்குமாற்றோடு பூவாயி தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் இப்போது இரண்டு பேரும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போகிறார்கள். நேற்று மேலத்தெருப் பக்கம் வந்தார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் ஒன்றும் தேறாது, நான்தான் வாரம் தவறாமல் இப்படித் தேய்த்துத் தேய்த்து…

“ஏத்தா செல்லக்கனி! டிரம்முக்குள்ள யார்கூடப் பேசிக்கிட்டிருக்க? வாசல்ல ரெண்டு பேர் சொம்போட வந்து நிக்கிறாங்க, கைமாத்தா நாலு புழு கிடைக்குமான்னு கேக்குறாங்க!”

இந்தா வந்துட்டேன் அத்தை! நம்ம வீட்ல ஏது, ஒண்ணுகூட இல்லைன்னு சொல்லுங்க, பின்னாடி அந்தப் பூந்தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டை மட்டும் அவங்க கண்ணுல படாம மறைச்சிருங்க!